தவளைத் தோலும் ஆகஸ்ட் குரோக்கும்

குளத்து நீரில் மிதக்கும் தவளையைக் காணாதவர் இலர். அது நீரிற் குதிப்பதையும் கரையேறி அமர்வதையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் வாழ்வில் வியப்பொன்றும் தோன்றுவதில்லை. ஆயினும் அவ்வெளிய உயிர் ஒவ்வொரு நாளும் ஒரு பேரிடரை எதிர்த்து நின்றே வாழ்கின்றது. அதன் தோல் மிக மெல்லியது. செதிலும் மயிரும் அற்றது. எப்பொழுதும் ஈரமாக இருப்பது. அத்தோலின் உட்புறத்தே ஓடும் குருதியில் உப்புக் கரைந்துள்ளது. வெளியேயுள்ள குளத்து நீரிலும் உப்பு உண்டு. ஆனால் குருதியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு தேறுவதும் அரிது. இத்தகைய இரு நீர்மங்களை மெல்லிய சவ்வொன்று பிரித்து நிற்குமாயின், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்திற்கு நீர் புகும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது உப்பிப் பருப்பதும் இவ்வாறே.

தவளை வாயால் நீர் பருகுவதில்லை. பருகாமலே நீர் அதன் தோல்வழியாக உடலினுள் புகுந்துகொண்டே இருக்கின்றது. புகுந்த நீரைச் சிறுநீரகங்கள் இடையறாது வெளியேற்றாவிடில் அது வீங்கி மடிந்துபோகும். நீரிலேயே கிடக்கும் தவளை ஒரு நாளில் தன் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரைச் சிறுநீராகக் கழிக்கின்றது. அந்நீரோடு சிறிது உப்பும் போகின்றது. தோல்வழியாகவும் சிறிது கசிகின்றது. இவ்வாறு நாள்தோறும் இழந்தும், இரையின்றிப் பல வாரங்கள் கிடந்த தவளையின் குருதியிலும் உப்பு அற்றுப்போவதில்லை. இழந்ததை அது எங்கிருந்து ஈடுசெய்கின்றது?

இவ்வினாவிற்குத் தெளிவான விடை கண்டவர் டென்மார்க்கு நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் என்பவர். அவ்விடையை அவர் கண்டபோது அவருக்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது; நோபெல் பரிசு பெற்று ஆண்டுகள் பதினேழு ஆகியிருந்தன. அவ்விடை, தம் இளமைப் பருவத்தில் அவரே ஆசிரியரோடு மாறுபட்டு நின்ற கொள்கை ஒன்றை வேறோரிடத்தில் மெய்யாக்கியும் விட்டது.

ஆகஸ்ட் குரோக் 1874 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15 ஆம் நாள், டென்மார்க்கில் ஜட்லாந்துப் பகுதியிலுள்ள கிரெனோ என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் விக்கோ குரோக் கப்பல் கட்டும் தொழிலர். கடலும் கப்பலும் சூழ வளர்ந்த சிறுவனுக்குக் கருவிகளைச் செய்வதிலும், பூச்சி புழுக்களை உற்று நோக்குவதிலும் இளமையிலேயே பேரார்வம் இருந்தது. ஆர்ஹூஸ் நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, 1893 ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். ஆயின் அவர் நெஞ்சம் மருத்துவத்தில் ஒன்றவில்லை. விரைவிலேயே விலங்கியலுக்கு மாறினார். குடும்ப நண்பரும் விலங்கியல் அறிஞருமான வில்லியம் சோரென்சன் என்பவர் அவரை உடலியல் பக்கம் திருப்பினார். பேராசிரியர் கிறிஸ்தியன் போர் நிகழ்த்தும் சொற்பொழிவுகளைக் கேட்குமாறு அவர் கூறிய அறிவுரை, அவ்விளைஞரின் வாழ்வையே வகுத்துவிட்டது எனலாம்.

கிறிஸ்தியன் போர் அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பெற்ற உடலியல் பேராசிரியர். அணுவின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற நீல்ஸ் போர் அவருடைய மைந்தரே ஆவார். 1897 ஆம் ஆண்டு முதல் குரோக் இப்பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். அங்கேதான் அவருடைய கைத்திறன் வெளிப்பட்டது. வேண்டிய கருவி கடையில் கிடைக்காவிடில் அதனைத் தாமே வரைந்து தாமே செய்துகொள்வார். கடுகளவே உள்ள காற்றுக்குமிழியில் பிராணவாயு எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று பிரித்தறியும் முறையையும் அவர் வகுத்தார்.

அவர் தம் டாக்டர் பட்டத்திற்கென எடுத்துக்கொண்ட பொருள் தவளையின் மூச்சு. தவளைக்கு நுரையீரல் உண்டு. ஈரமான தோலும் மூச்சுவிடும் உறுப்பாகவே பயன்படுகின்றது. இவ்விரண்டில் எது எவ்வளவு வேலை செய்கின்றது என்பதனை அதுவரை யாரும் செவ்வையாக அளந்தாரில்லை. தோல்வழி நிகழும் மூச்சையும் நுரையீரல்வழி நிகழும் மூச்சையும் குரோக் தனித்தனியே அளந்தார். கரியமில வாயு பெரும்பாலும் தோல்வழியே வெளியேறுகின்றது என்பதும், பிராணவாயுவைப் பெறுவதில் நுரையீரலின் பங்கே பெரிது என்பதும் புலனாயின. தோலின் மூச்சு பெரிதும் மாறாமல் ஒரே சீராக நிகழ்ந்தது. நுரையீரலின் மூச்சோ நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டு மிகுந்தும் குறைந்தும் வந்தது. 1903 ஆம் ஆண்டில் இவ்வாய்வு அவருக்குப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. நுரையீரல் வெறும் பை அன்று, தானே செயல்படும் உறுப்பு என்னும் ஆசிரியரின் கருத்துக்கும் இம்முடிவு இசைவாகவே தோன்றிற்று.

இங்கே அக்கருத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நாம் இழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயு நுரையீரலின் சுவரைக் கடந்து குருதியை அடைகின்றது. அஃது எவ்வாறு கடக்கின்றது? மிகுதியாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்திற்குத் தானே பரவுகின்றது என்பது ஒரு சாரார் கொள்கை. இதனை விரவல் என்பர். ஊதுவத்தியின் மணம் அறையெங்கும் பரவுவது இத்தகையது. அதனை யாரும் தள்ளவேண்டுவதில்லை. கிறிஸ்தியன் போர் இக்கொள்கையை ஒப்பவில்லை. குருதியில் உள்ள பிராணவாயுவின் அழுத்தம் சிற்சில வேளைகளில் நுரையீரற் காற்றில் உள்ளதைவிட மிகுந்திருப்பதாக அவருடைய அளவைகள் காட்டின. பள்ளத்திலிருந்து மேட்டிற்கு நீர் தானே ஏறாது. ஏறுமாயின் ஏற்றம் இறைப்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அதுபோல நுரையீரலின் உயிரணுக்கள் பிராணவாயுவை வலிந்து குருதிக்குள் செலுத்துகின்றன என்று போர் முடிவு செய்தார். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஹால்டேனும் இக்கொள்கையினரே.

குரோக் 1905 ஆம் ஆண்டில் மரீ என்னும் மங்கையை மணந்தார். மரீ மருத்துவம் பயின்றவர்; கணவருக்கு நிகரான ஆராய்ச்சியாளர். ஆசிரியரின் கொள்கையை மேலும் உறுதிப்படுத்தும் நோக்கத்துடனேயே இருவரும் அளவைகளை மீண்டும் தொடங்கினர். இதற்கென குரோக் ஒரு நுண்கருவி செய்தார். உயிருள்ள விலங்கின் தமனியிலிருந்து வரும் குருதி அதனுள் ஓடும். ஓடும் குருதியின் நடுவே சிறு காற்றுக்குமிழி ஒன்று நிற்கும். சிறிது நேரத்தில் குமிழியிலுள்ள வாயுக்களும் குருதியிலுள்ள வாயுக்களும் சமநிலை அடையும். பின்னர்க் குமிழியை எடுத்து ஆராய்ந்தால் குருதியின் நிலை அப்படியே விளங்கும். பழைய கருவிகளிற் காணப்பட்ட பிழைகள் இதில் பெரிதும் நீங்கின.

பன்முறை அளந்தும், குருதியிலுள்ள பிராணவாயுவின் அழுத்தம் நுரையீரற் காற்றில் உள்ளதைவிட ஒருமுறையேனும் மிகுந்திலது. எப்பொழுதும் குறைந்தே இருந்தது. ஏற்றம் இறைப்பவர் எவரும் ஆங்கில்லை. விரவல் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆசிரியரின் கொள்கையைக் காக்கப் புகுந்த மாணவர், அது நிலைபெறாது என்பதைத் தம் கையாலேயே நிறுவ வேண்டியவர் ஆயினார்.

இந்நிலை எளிதன்று. தமக்குத் தொழில் கற்பித்து, வாய்ப்பளித்து, வளர்த்துவிட்ட பெருமகனை உலகறிய மறுத்துரைக்க வேண்டும். மறைத்து வைப்பின் அளவைகளுக்குத் துரோகம் செய்தவர் ஆவார். வெளியிட்டால் ஆசிரியரின் உள்ளம் புண்படும். குரோக் அவசரப்படவில்லை. ஐயத்திற்கு இடமின்றி எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அளந்து, 1910 ஆம் ஆண்டில் ஏழு கட்டுரைகளாக ஒருசேர வெளியிட்டார். அவற்றுட் சில மரீயுடன் சேர்ந்து எழுதியவை. ஏழு சிறு பேய்கள் என்று அவற்றுக்கு அவ்விருவரும் விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். ஆசிரியருடன் மாறுபட நேர்ந்தமைக்கு வருந்தியும், தாம் கற்றதனைத்தும் அவரிடம் கற்றதே என்பதை ஒப்புக்கொண்டும் அவற்றுள் எழுதினார். ஆயினும் இருவரிடையே முன்னிருந்த நெருக்கம் பின்னர் இல்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டு, 1911 பெப்ருவரியில், கிறிஸ்தியன் போர் காலமானார். மனம் கலந்து பேசி வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளக் காலம் இடந்தரவில்லை.

குரோக்கின் புகழ் இதற்கிடையே பல வழிகளிலும் வளர்ந்தது. விலங்குகள் நைட்ரஜன் வாயுவை உடலிலிருந்து வெளிவிடுவதில்லை என்று நிறுவியமைக்காக 1906 இல் வியன்னா நகர அறிவியற் கழகம் அவருக்குப் பரிசளித்தது. 1908 இல் கணவனும் மனைவியும் பனி சூழ்ந்த கிரீன்லாந்துக்குச் சென்று, பெரும்பாலும் ஊனையே உண்டு வாழும் அந்நாட்டு மக்களின் உடலில் உணவு எவ்வாறு பயன்படுகின்றது என்பதனை ஆராய்ந்தனர். கோபன்ஹேகனில் குரோக்குக்கெனத் தனி ஆய்வுக்கூடம் 1910 இல் அமைந்தது. வீடும் அக்கட்டடத்தின் மாடியிலேயே இருந்தது. 1916 இல் அவர் பேராசிரியர் ஆனார்.

உழைக்கும் தசைக்கு ஓய்விலிருக்கும் தசையைவிடப் பன்மடங்கு பிராணவாயு வேண்டும். விரவல் ஒன்றினாலேயே அஃது எவ்வாறு கிடைக்கக்கூடும் என்னும் வினா, நுரையீரல் ஆராய்ச்சியிலிருந்தே கிளைத்தது. தசையினுள் மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் உள்ளன. அவற்றைத் தந்துகிகள் என்பர். ஓய்வின்போது அவற்றுட் பல மூடிக்கிடக்கின்றன. உழைப்பின்போது அவை திறந்துகொள்கின்றன. ஆதலின் குருதிக்கும் தசைக்கும் இடையிலுள்ள தொலைவு சுருங்கி, விரவல் விரைவாக நிகழ்கின்றது. தந்துகிகளுள் மையைச் செலுத்தி, திறந்தவற்றை உருப்பெருக்கியில் எண்ணிக் குரோக் இதனைக் காட்டினார். இதற்காக 1920 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பெற்றது. 1922 இல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றச் சென்றவர், நீரிழிவு நோயுற்றிருந்த மரீயின் தூண்டுதலால் கனடாவிலுள்ள டொரன்டோவுக்கும் சென்று, அங்குப் புதிதாகக் கண்டறியப்பட்ட இன்சுலினைத் தயாரிக்கும் முறையையும் உரிமையையும் பெற்றுத் தாய்நாட்டிற்குத் திரும்பினார். ஹாகெடோர்ன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய இன்சுலின் நிலையம் எண்ணற்ற நோயாளர்க்கு வாழ்வளித்தது. அது தனியே சொல்லத்தக்க பெருங்கதை.

பரிசும் புகழும் பெற்றோர் பலர் ஆராய்ச்சியை இளையோரிடம் விட்டு ஓய்ந்திருத்தல் உலகியல்பு. குரோக் அவ்வாறு இருந்திலர். உடலியலில் எழும் ஒவ்வொரு வினாவிற்கும் அதனை ஆராய மிகவும் ஏற்ற விலங்கு ஒன்று இயற்கையில் இருக்கும், அதனைத் தேடிக் கண்டுபிடித்தலே ஆய்வாளன் கடமை என்பது அவருடைய கோட்பாடு. 1930 களில் அவர் உள்ளத்தைப் பற்றிய வினா இது: நன்னீரில் வாழும் உயிர்கள் தம் குருதியின் உப்பை எவ்வாறு காத்துக்கொள்கின்றன? அதற்கேற்ற விலங்கு தவளையே என்று கண்டு, முப்பது ஆண்டுகளுக்கு முன் விட்ட அதே தோலுக்கு மீண்டும் வந்தார்.

முதலில் நீரின் போக்கை அறிய விரும்பினார். அப்பொழுது கோபன்ஹேகனில் ஹெவெசி என்னும் வேதியியல் அறிஞர் இருந்தார். பின்னாளில் அவரும் நோபெல் பரிசு பெற்றார். சாதாரண நீரினும் எடை மிகுந்த கனநீர் அக்காலத்தில் புதிதாகக் கிடைத்திருந்தது. ஒரு மந்தையில் சில ஆடுகளுக்கு மட்டும் வண்ணம் பூசி விட்டால் மந்தை செல்லும் வழி விளங்குமன்றோ? அவ்வாறே கனநீரைக் கலந்து, தவளைத் தோலின் வழியே நீர் செல்லும் விரைவை ஹெவெசி, ஹோபர், குரோக் ஆகிய மூவரும் அளந்து 1935 இல் வெளியிட்டனர். ஹெவெசியும் குரோக்கும் பௌதிக அறிஞர் நீல்ஸ் போருடன் இணைந்து, இத்தகைய அடையாள அணுக்களை உயிரியலில் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி பெற்றனர். முன்பு யாருடைய கொள்கையை மறுத்தாரோ அவர் மைந்தரே குரோக்கின் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார்.

அடுத்து உப்பு. உப்பு நீரிற் கரையும்போது இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம். மற்றொன்று எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு. மின்னூட்டம் பெற்ற இத்தகைய துகள்களை அயனிகள் என்பர். தவளைத் தோலைக் கடப்பவை இவ்வயனிகளே.

குரோக் செய்த சோதனை பார்வைக்கு மிக எளியது. தவளைகளைக் காய்ச்சி வடித்த தூய நீரில் பல நாள் வைத்தார். அந்நீரும் இடையறாது மாற்றப்பட்டு வந்தது. உணவும் இல்லை, நீரில் உப்பும் இல்லை. ஆகவே தவளைகள் தம் உடலிலுள்ள உப்பைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே வந்தன. இவ்வாறு உப்புக்கு ஏங்கும் நிலையை அடைந்த தவளையை, மிக மிகச் சிறிதளவே உப்புக் கரைந்த நீரில் இட்டார். நாவில் இட்டால் கரிப்பே தெரியாத நீர் அது. பின்னர் அந்நீரில் எஞ்சியுள்ள குளோரைடு எவ்வளவு என்பதனைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளந்து வந்தார். அளவு ஒவ்வொரு முறையும் குறைந்தது. தவளை தன் குருதியைவிடப் பல நூறு மடங்கு உப்புக் குறைந்த நீரிலிருந்தும் உப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சோதனை எளிதாயினும் அளத்தல் எளிதன்று. அத்துணை நீர்த்த கரைசலில் குளோரைடை அளக்க அப்போதிருந்த முறைகள் போதா. அதற்கான நுண்முறைகளையும் குரோக்கே வகுத்துக்கொண்டார். கப்பல் கட்டுபவர் மகனின் கைத்திறன் முதுமையிலும் அவரைக் கைவிடவில்லை.

பொட்டாசியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு எனப் பலவகை உப்புகளை அவர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தவளை குளோரைடை மட்டும் எடுத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் நீரிலேயே விட்டுவிட்டது. குளோரைடுக்கு ஈடாகக் குருதியிலிருந்து பைகார்பனேட்டு அயனி வெளிவருகின்றது என்று அவர் கருதினார். உறிஞ்சப்படாத வேறொன்றுடன் சேர்ந்த சோடியத்தைக் கொடுத்தபோது, சோடியத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டது. குளோரைடைப் போன்ற புரோமைடையும் தோல் ஏற்றுக்கொண்டது, அயோடைடை ஏற்கவில்லை. துளைகள் நிறைந்த வெறும் துணிபோன்றதாயின் தோல் இவ்வாறு ஒன்றைக் கொண்டு ஒன்றைத் தள்ளுமோ? வேண்டியது எது, வேண்டாதது எது என்று பகுத்தெடுக்கும் வாயிற்காவல் ஆங்கு உளது என்பது தெளிவாயிற்று.

குறைவான இடத்திலிருந்து மிகுதியான இடத்திற்கு அயனிகள் செல்லுதல் மேடேறும் நீரைப் போன்றது. அதற்கு ஆற்றல் செலவாகும். உயிருள்ள அணுக்களே அவ்வாற்றலைத் தரவல்லவை. 1937 ஆம் ஆண்டில் குரோக் வெளியிட்ட முடிவு இதுவே. தவளையின் தோல் அயனிகளைத் தானே உழைத்து உள்ளே இழுக்கின்றது.

எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். உயிரணுக்கள் பிராணவாயுவை வலிந்து செலுத்துகின்றன என்ற கொள்கையை 1910 இல் வீழ்த்தியவர் இதே குரோக். அதன்பின் உறுப்புகளில் நிகழும் பரிமாற்றம் யாவும் விரவலே என்று சாதித்துக்கொண்டிருந்தால் அவரைக் குறைகூறுவார் இலர். அவருடைய புகழும் அக்கொள்கையின் மேல் எழுந்ததே. ஆனால் அவர் நுரையீரலைப் பற்றி அளந்து கண்டதை நுரையீரலுக்கே உரியதாக வைத்துக்கொண்டார். தோலைப் பற்றித் தோலையே கேட்டார். ஏற்றம் இறைப்பவர் இவ்விடத்தில் உண்டு என்று தோல் விடையளித்தபோது, அதனை எழுதிவைக்க அவருக்குத் தயக்கம் நேரவில்லை. கிறிஸ்தியன் போர் தேடிய செயல் இல்லாத ஒன்றன்று. அவர் தேடிய இடத்தில் அஃது இல்லை, அவ்வளவே.

தவளையோடு அவர் நின்றுவிடவில்லை. பொன்மீன், நன்னீர் நண்டினம் முதலிய பல உயிர்களையும் ஆராய்ந்து, அவற்றுட் பல இவ்வாறே நீரிலிருந்து அயனிகளை உறிஞ்சுவதைக் கண்டார். மீனுக்கு இத்தொழிலைச் செய்வது செவுள். நீர்வாழ் உயிர்களின் உப்புச் சமநிலையைப் பற்றி 1939 இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் அத்துறையில் வழிகாட்டியாக விளங்கிற்று.

அவ்வாண்டிலேயே உலகப் போர் மூண்டது. 1940 இல் ஜெர்மானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. 1943 இல் மரீ மறைந்தார். மறு ஆண்டு, உயிருக்கே ஊறு நேரும் நிலை ஏற்பட்டமையால், எழுபது அகவையை எட்டிய அப்பெரியார் நாட்டை விட்டு ஸ்வீடனுக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. போர் முடிந்தபின் 1945 இல் திரும்பி வந்து, பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். தம் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, வெட்டுக்கிளிகள் பறக்கும்போது எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன என்று ஆராயத் தொடங்கினார். 1946 இல் இலண்டன் ராயல் கழகத்தின் அழைப்பை ஏற்று, உயிருள்ள சவ்வுகளின் வழியே அயனிகள் செல்லும் வகைகளைப் பற்றிப் பேருரை ஆற்றினார். 1949 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 ஆம் நாள் கோபன்ஹேகனில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச்சென்ற வேலை அவருடைய கூடத்திலேயே தொடர்ந்தது. தவளைத் தோலின் உட்புறத்திற்கும் வெளிப்புறத்திற்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருப்பதை, 1848 ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகர அறிஞர் டூ புவா ரேமோன் கண்டிருந்தார். அம்மின்சாரம் எதனால் உண்டாகின்றது என்பது நூறாண்டுகளாக விளங்காமலே இருந்தது. குரோக்கிடம் பயின்ற ஹான்ஸ் உஸ்ஸிங் அதனை ஆராய்ந்தார். தவளைத் தோலின் ஒரு சிறு துண்டை எடுத்து, இரு அறைகளுக்கு நடுவே கதவைப்போலப் பொருத்தினார். இரு பக்கமும் ஒரே வகை உப்புக் கரைசலை ஊற்றினார். தோலில் இயல்பாக எழும் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து செலுத்திய மின்னோட்டத்தால் ஈடுசெய்து இல்லாததாக்கினார். கதிரியக்கச் சோடியத்தை அடையாளமாகக் கொண்டு, உள்ளே செல்லும் சோடியம் எவ்வளவு, வெளியே வரும் சோடியம் எவ்வளவு என்றும் அளந்தார். செரான் என்பவருடன் சேர்ந்து 1951 இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, அவ்வாறு செலுத்திய மின்னோட்டமும் உள்ளே சென்று தங்கிய சோடியத்தின் அளவும் ஒன்றற்கொன்று சரியாக இருந்தன. தோலின் மின்சாரம் சோடியம் அயனியை இழுக்கும் உழைப்பினின்றே பிறக்கின்றது என்பது ஐயமற விளங்கிற்று. அவ்விரட்டை அறை உஸ்ஸிங் பெயராலேயே வழங்கலாயிற்று; குடல் முதலிய பிற உறுப்புகளின் சவ்வுகளை ஆராயவும் பயன்படலாயிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த மற்றோர் அறிஞர் யென்ஸ் ஸ்கோ 1957 இல், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொணரும் நொதியை நண்டின் நரம்பில் கண்டார். தவளைத் தோலின் அணுக்களிலும் சோடியத்தைக் குருதிப் பக்கம் தள்ளுவது அதுவே. 1997 இல் ஸ்கோவும் நோபெல் பரிசு பெற்றார்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சி நின்றது. உழைத்து இழுக்கப்படுவது குளோரைடு என்று குரோக் எழுதியிருந்தார். உஸ்ஸிங்கின் அறையிலோ சோடியமே இழுக்கப்பட்டது. குளோரைடு மின்விசையால் அதன் பின்னே தானாகச் சென்றது. ஆசிரியர் பிழைத்தாரோ என்று சிலர் ஐயுற்றனர். பின்னர் வந்த ஆய்வாளர் நுணுகி நோக்கியபோது உண்மை புலப்பட்டது. உஸ்ஸிங்கின் தோல்துண்டு குருதியையொத்த உப்பு மிகுந்த கரைசலில் நின்றது. குரோக்கின் தவளை உயிருடன், உப்பு அருகிய நீரில் கிடந்தது. அத்தகைய நீரில் தவளை கிடக்கும்போது, தோலில் ஆங்காங்கே அமைந்த தனிவகை அணுக்கள் குளோரைடையும் உழைத்தே உள்ளே இழுக்கின்றன. மாணவர் அளந்தது மாணவரின் அறையில் மெய்யாக இருந்தது. ஆசிரியர் அளந்தது குளத்துத் தவளைக்கு மெய்யாக இருந்தது.